முகம் தேய்க்கும் பஞ்சும் அதன் முன்னோர்களும்

கோடை விடுமுறைக்கு நம் இல்லம் வந்திருந்த அண்ணன் மகள், ஒரு நாள் காலையில் கன்னங்கள் இரண்டும் கன்றிச் சிவந்திருக்க நம் முன் வந்து நின்றாள். கையில் உள்ளங்கையளவு வட்டப் பெட்டி ஒன்று. அதனுள் வெண்பஞ்சு வட்டுகள், ஈரம் காயாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தன. இணையக் கடையில் வாங்கியதாம். தோலின் மேலடுக்கை மெல்ல நீக்கி முகத்தை வழுவழுப்பாக்கும் அமிலத்தில் தோய்த்த பஞ்சு அது. 'பீல் பேட்' என்பது வழக்குப் பெயர்.

"வாரத்துக்கு ரெண்டு தடவைதான்னு போட்டிருக்கு அத்தை. தினமும் தேய்ச்சா சீக்கிரம் வழவழன்னு ஆயிடும்னு நெனச்சேன்" என்றாள்.

குளிர்ந்த நீரால் கழுவச் சொன்னோம். பெட்டியை வாங்கி அலமாரியில் வைத்தோம். நான்கைந்து நாட்களில் எரிச்சல் தணிந்தது. பெட்டி மட்டும் நம் மேசைக்கு வந்து சேர்ந்துவிட்டது. பழம்பாடல்களுக்கு உரை சொல்லியே பழகிய கண்களுக்கு, எழுத்து எங்கே பொடியாக இருக்கிறதோ அங்கேதான் செய்தி இருக்கும் என்றொரு நம்பிக்கை உண்டு. பெட்டியின் அடிப்புறத்தில் நான்கு எச்சரிக்கைகள் இருந்தன. வாரத்தில் இரண்டு இரவுகளுக்கு மேல் வேண்டா. அழுத்தித் தேய்க்க வேண்டா. முதன்முறை பயன்படுத்துமுன் முன்கையின் உட்புறத்தில் சிறிது தடவி ஒரு நாள் காத்திருக்கவும். பகலில் வெளியே செல்கையில் வெயில்காப்புக் களிம்பு பூசவும்.

நான்கே வரிகள். இவ்வரிகளை யார் எழுதினார்கள், எதைக் கண்டு எழுதினார்கள் என்று தேடப் புகுந்ததன் விளைவே இக்கட்டுரை. எகிப்தில் தொடங்கிய தேடல் ஒரு சிறைச்சாலையில் போய் நிற்கும் என்று நாம் எண்ணவில்லை.

உதிர்வது தோலின் இயல்பு

வரலாற்றுக்குள் நுழையுமுன் உடலைப் பற்றிச் சில சொற்கள். நம் தோலின் மேற்பரப்பு உயிரற்றது. அடியில் பிறக்கும் உயிரணுக்கள் மெல்ல மேலேறி, வழியில் தட்டையாகி, உலர்ந்து, இறந்து, இறுதியில் உதிர்ந்துபோகின்றன. பிறப்பிலிருந்து உதிர்வு வரையிலான இப்பயணத்துக்கு ஏறத்தாழ நான்கு வாரங்கள் ஆகின்றன. வயது கூடக்கூட இது இன்னும் மெதுவாகும். இறந்த அணுக்கள் பதினைந்து, இருபது அடுக்குகளாகப் படிந்திருக்கும் மேலுறைதான் நாம் கையால் தடவிப் பார்க்கும் தோல். நீர் வெளியேறாமலும் நஞ்சும் கிருமியும் உட்புகாமலும் காக்கும் மதிலும் அதுவே.

இவ்வணுக்களை ஒன்றோடொன்று பிணைக்கும் புரதக் கண்ணிகள் உண்டு. உரிய காலத்தில் தோலின் நொதிகளே அவற்றை அறுத்துவிடும். அறுபடத் தாமதமானால் அணுக்கள் திட்டுத்திட்டாகத் தங்கிவிடும். தோல் சொரசொரப்பாகும், பொலிவிழக்கும். அந்தக் கண்ணிகளைத் தளர்த்துவதற்கு மனிதன் கண்ட வழிகள் இரண்டு. ஒன்று சுரண்டுதல், மற்றொன்று அமிலம். பெட்டியிலுள்ள பஞ்சு இரண்டாம் வழியைச் சேர்ந்தது. ஆயினும் கையில் எடுத்ததும் தேய்க்கத் தோன்றுவது முதல் வழியின் பழக்கத்தால்தான்.

சுரண்டிய காலம்

ஜெர்மானிய அறிஞர் கியார்க் எபெர்ஸ் எகிப்தின் லக்சரில் விலைக்கு வாங்கிய மருத்துவச் சுருள், இன்று லைப்சிக் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளது. காலம் கி.மு. 1550ஐ ஒட்டியது. அதில் மேனியை அழகுபடுத்துவதற்கென ஒரு முறை கூறப்படுகிறது: வெண்பளிங்குப் பொடி, நாட்ரான் எனும் உவர்ச்சோடா, உப்பு, தேன் இவற்றைச் சேர்த்துப் பூசுதல். பொடி உராயும், சோடா அழுக்கை நீக்கும், தேன் பிடித்து வைக்கும். இக்காலக் கடைகளில் 'ஸ்க்ரப்' என்று விற்பவற்றின் இலக்கணம் ஏறக்குறைய முழுவதும் அந்த மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டு முந்தைய குறிப்பில் அமைந்திருக்கிறது.

கிரேக்கர்கள் பொடியை விட்டுக் கருவியைக் கைக்கொண்டனர். உடற்பயிற்சிக்கு முன் எண்ணெய் பூசிக்கொள்வது அவர்கள் வழக்கம். பயிற்சி முடிந்ததும் எண்ணெயும் வியர்வையும் புழுதியும் கலந்த அந்தப் பூச்சை, அரிவாள்போல் வளைந்த வெண்கலச் சுரண்டியால் வழித்தெடுத்தனர். இறந்த தோலும் அதோடு வந்துவிடும். உரோமானியர் இக்கருவியை 'ஸ்ட்ரிஜிலிஸ்' என்றழைத்தனர். கி.மு. 4ஆம் நூற்றாண்டின் சிற்பி லிசிப்போஸ் இவ்வாறு தன்னைச் சுரண்டிக்கொள்ளும் இளைஞன் ஒருவனின் வெண்கலச் சிலையை வடித்தார். மூலச்சிலை அழிந்துவிட்டது, உரோமில் 1849இல் கிடைத்த பளிங்குப் படி வாட்டிகன் அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

இச்சிலை குறித்துப் பிளினி ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறார். அக்ரிப்பா தான் கட்டிய குளியல் மண்டபத்தின் முன் மக்கள் காணும்படி இதை நிறுவியிருந்தார். பின்வந்த பேரரசர் திபேரியுசு, சிலையின்மேல் கொண்ட ஆசையால் அதைத் தம் படுக்கையறைக்குக் கொண்டுபோய்விட்டார். நாடக அரங்கில் கூடிய மக்கள் சிலையைத் திருப்பித் தரும்படி கூக்குரலிட்டனர். பேரரசர் பணிய நேர்ந்தது. அழுக்கை வழித்துக்கொள்ளும் ஒரு மனிதனின் உருவத்துக்காக ஊரே எழுந்தது என்பது வியப்புக்குரியதே.

ஆனால் தன் முதுகைத் தானே சுரண்டிக்கொள்வது எளிதன்று. வசதியுள்ளவருக்கு அதைச் செய்ய அடிமைகள் இருந்தனர். பேரரசர் ஹேட்ரியன் (117–138) பொதுக் குளியலிடத்துக்குச் சென்றிருந்தபோது, தம் படையில் முன்னர்ப் பணியாற்றிய முதியவர் ஒருவர் சுவரில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருப்பதைக் கண்டாராம். ஏனென்று கேட்க, தேய்த்துவிட எனக்கு அடிமை இல்லை என்றார் முதியவர். பேரரசர் அவருக்கு அடிமைகளையும் அவர்களைப் பேணப் பொருளையும் கொடுத்தார். மறுமுறை அவர் வந்தபோது பல முதியவர்கள் சுவரில் முதுகைத் தேய்த்தபடி நின்றனர். ஒருவர் முதுகை ஒருவர் தேய்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் பேரரசர் நகர்ந்தார்.

இக்கதை வருவது பிற்காலத்தில் தொகுக்கப்பட்ட பேரரசர் வரலாறுகளில். அத்தொகுப்பின் நம்பகத்தன்மை ஐயத்துக்குரியது. எனினும் இக்கதையைப் படிக்கும் எவரும் சிரித்துவிட்டுக் கடந்துபோகிறோம். பரிசாகக் கொடுக்கப்பட்டவர்களும் மனிதர்களே என்பது நமக்கு உடனே உறைப்பதில்லை. ஒருவரின் மேனி மினுமினுப்புக்கு இன்னொருவரின் கைகள் வேண்டியிருந்தன. கட்டுரையின் பிற்பகுதியில் கைகளின் இடத்தில் வேறொன்று வரும்.

பாலும் அமிலமும்

அமில வழியின் தொடக்கத்தைக் கூற வருவோர் அனைவரும் கிளியோபாட்ராவின் பால் குளியலிலிருந்தே தொடங்குவர். பாலில் லாக்டிக் அமிலம் உண்டு, அது தோலை உரிக்கும், எனவே எகிப்திய அரசி அன்றே அறிந்திருந்தாள் என்பது வாதம். இதில் இரண்டு பிழைகள் உள்ளன. கழுதைப்பாலில் குளித்ததாகப் பழைய ஆசிரியர் உறுதியாகக் குறிப்பிடுவது கிளியோபாட்ராவை அன்று. நீரோவின் மனைவி பொப்பேயாவை. பயணம் போகும்போதும் ஐந்நூறு பெண் கழுதைகள் அவள் பின்னே சென்றன என்கிறார் பிளினி. இரண்டாவது, கறந்த பாலில் இருப்பது பெரும்பாலும் பாற்சர்க்கரை. அது புளித்தால்தான் அமிலமாகும். புதுப்பாலில் குளித்தவளுக்குக் கிடைத்தது கொழுப்பின் மென்மையே.

புளித்த பாலிலிருந்து அந்த அமிலத்தை முதன்முதலில் பிரித்தெடுத்தவர், ஸ்வீடனின் ஷோப்பிங் என்னும் சிற்றூரில் மருந்துக்கடை நடத்திய கார்ல் வில்ஹெல்ம் ஷீலே. ஆண்டு 1780. அதே மனிதர் 1784இல் எலுமிச்சையிலிருந்து சிட்ரிக் அமிலத்தையும், 1785இல் ஆப்பிளிலிருந்து மாலிக் அமிலத்தையும் பிரித்தார். மறு ஆண்டே, நாற்பத்து மூன்று வயதில், இறந்துபோனார். தாம் கண்ட மூன்று புளிப்புகளும் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பின் ஒரே பட்டியலில், நோயாளிகளின் தோலுக்கு மருந்தாக இடம்பெறும் என்று அவர் நினைத்திருக்க வழியில்லை. கரும்புச் சாற்றிலும் காணப்படும் கிளைகாலிக் அமிலம் 1851இல் ஆய்வகத்தில் உருவாக்கப்பட்டது. இன்றைய பஞ்சுகளில் மிகுதியும் பயன்படுவது இதுவே. இவ்வகை அமிலங்களுள் இதன் மூலக்கூறு மிகச் சிறியது. ஆகவே எளிதில் உட்புகும். எரிச்சல் தருவதிலும் முந்தி நிற்பதற்குக் காரணம் அதுதான்.

ஹாம்பர்க்கில் ஓர் ஒட்டுத்துணி

அமிலத்தை அளந்து, இன்ன அளவு இன்ன ஆழம் உரிக்கும் என்று கூறும் மருத்துவ முறை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் பிறந்தது. ஹாம்பர்க் நகரத் தோல் மருத்துவர் பவுல் கெர்சன் உன்னா 1882இல் சாலிசிலிக் அமிலம், ரெசார்சினால், பீனால், டிரைகுளோரோ அசிட்டிக் அமிலம் ஆகியவை தோலில் நிகழ்த்தும் மாற்றங்களை விவரித்தார். அமிலம் கொண்டு தோலுரிக்கும் சிகிச்சையின் வரலாறு எழுதுவோர் அனைவரும் இவ்வாண்டை மறவாமல் குறிப்பர். சாலிசிலிக் அமிலத்தை வேதித் தொகுப்பு முறையில் பெருமளவில் உருவாக்கும் ஆலை டிரெஸ்டன் நகரில் 1874இலேயே தொடங்கிவிட்டதால், அது மலிவாகக் கிடைத்த காலமும் இதுவே.

அதே 1882ஆம் ஆண்டு மார்ச் 28 அன்று, அதே நகரின் மருந்தாளுநர் பவுல் பையர்ஸ்டார்ஃப், மருந்து பூசிய ஒட்டுத்துணி செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். குட்டாபெர்ச்சா என்னும் மரப்பால் பூசிய துணியில் மருந்தைக் குறிப்பிட்ட அளவில் ஏற்றி, நோயுற்ற இடத்தில் மட்டும் ஒட்டுவது அம்முறை. உன்னாவும் அவரும் இணைந்து இத்தகைய மருந்துத் துணிகளை வளர்த்தெடுத்தனர். களிம்பை விரலால் எடுத்துப் பூசும்போது அளவு கைக்குக் கை மாறும். துணியில் ஏற்றிவிட்டால் அளவு துணியிலேயே அடங்கியிருக்கும். நம் மேசைமேல் இருக்கும் பஞ்சு வட்டின் நேர் மூதாதையர் யாரென்று நம்மைக் கேட்டால், சுரண்டியைக் காட்டமாட்டோம். இந்த ஹாம்பர்க் துணியையே காட்டுவோம்.

அளவு அறிந்தவர் கையில் மருந்தாக இருந்தது அறியாதவர் கையில் எதுவாகும் என்பதை அமெரிக்கா கண்டது. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் லாஸ் ஏஞ்சலிஸ் முதலிய நகரங்களில், மருத்துவப் பயிற்சி இல்லாத அழகுக்கலைஞர்கள் பீனால் கலந்த இரகசியக் கலவைகளால் முகத்தை உரித்து இளமை தருவதாகச் சொல்லித் தொழில் நடத்தினர். பீனால் தோல் வழியே இரத்தத்தில் கலக்கும். மிகுந்தால் இதயத் துடிப்பைக் குலைக்கும். அக்கலவையை ஆராய்ந்து, வரையறுத்த முறையாக மியாமியின் பேக்கர், கார்டன் என்னும் இரு மருத்துவர்கள் 1960களின் தொடக்கத்தில் வெளியிட்டனர். வீட்டிலே முகம் உரித்துக்கொள்ளும் ஆசை மருத்துவமனைக்குள் வந்து சேர்ந்த கதை இது. மருத்துவமனையிலிருந்து அது வீட்டுக்குத் திரும்பிய கதை பிலடெல்பியாவில் நிகழ்ந்தது.

பிலடெல்பியா: செதில் உதிர்ந்த மேனிகள்

'இக்தியோசிஸ்' என்றொரு நோய்க்குழு உண்டு. கிரேக்க மொழியில் 'இக்தூஸ்' என்றால் மீன். மரபணுக் குறையால் வரும் இந்நோயில் இறந்த அணுக்கள் உதிராமல் செதில் செதிலாகப் படியும். சிலருக்கு இலேசான வறட்சியோடு நின்றுவிடும். கடுமையான வகையில் உடல் முழுவதும் கருந்தகடுகளாய்ப் படர்ந்து, வெடித்து, வியர்வைக்கும் வழியில்லாமல் அடைக்கும். கோடைக்காலம் அவர்களுக்குக் கொடுமை. மற்றவர் பார்வை அதனினும் கொடுமை. சாலிசிலிக் அமிலமும் யூரியாவும் கலந்த களிம்புகள் ஓரளவு தணித்தன. மேனி முழுவதும் சாலிசிலிக் அமிலம் பூசினால் அது குருதியில் கலந்து நஞ்சாகும் அச்சமும் இருந்தது.

தோல் மருத்துவர் யூஜின் வான் ஸ்காட்டும் வேதியியலர் ரூயி யூவும் இந்நோயாளிகளுக்காக அறுபதுக்கும் மேற்பட்ட சேர்மங்களைச் சோதித்தனர். 1974இல் அமெரிக்கத் தோல் மருத்துவ இதழொன்றில் முடிவு வெளியாயிற்று. சிறப்பாகச் செயற்பட்டவை ஆல்பா ஹைட்ராக்சி அமிலங்களும் அவற்றின் உறவுச் சேர்மங்களும்: கிளைகாலிக், லாக்டிக், மாலிக், சிட்ரிக், பைருவிக். ஷீலேயின் மூன்று புளிப்புகளும் இதில் இருப்பதைக் காண்க. குறைந்த செறிவில் நாள்தோறும் பூசிவர, செதில்கள் கழன்று, அடியிலிருந்து இயல்பான தோல் வெளிப்பட்டது. அமிலம் தோலை அரித்துத் தின்னவில்லை. இறந்த அணுக்களிடையே இருந்த பிணைப்பை அடித்தளத்தில் தளர்த்திவிட்டது. உதிர வேண்டியது உதிர்ந்தது.

பெட்டியின் இரண்டாம் வரிக்கு இங்கே பொருள் கிடைக்கிறது. அழுத்தித் தேய்க்க வேண்டா என்பதற்குக் காரணம், வேலை செய்வது பஞ்சன்று, அமிலம் என்பதே. பஞ்சு கொண்டுவந்து சேர்க்கும் கை மட்டுமே. அதையும் சுரண்டியாக்கினால் ஒரே வேளையில் இரண்டு வழியாலும் உரித்தவராவோம். அண்ணன் மகளின் கன்னங்களில் நடந்தது அதுதான்.

நோயாளிகளின் தோல் மிருதுவானதைக் கண்டோர், நோயில்லாதவர் தோலும் மிருதுவாகும் என்று கண்டுகொள்ள நெடுங்காலம் ஆகவில்லை. வான் ஸ்காட்டும் யூவும் 1988இல் தமக்கென நிறுவனம் தொடங்கினர். 1992இல் ஏவான் நிறுவனம் கிளைகாலிக் அமிலம் சேர்ந்த முகக்களிம்பை வீடுவீடாக விற்கும் தன் வலையமைப்பின் வழியே பெருஞ்சந்தைக்குக் கொண்டுவந்தது. நடமாடக் கூசிய நோயாளிகளுக்காகத் தேடப்பட்ட மருந்து, இருபதே ஆண்டுகளில் ஒப்பனை மேசைக்கு வந்துவிட்டது.

பிலடெல்பியா: ஹோம்ஸ்பர்க்

அதே நகரம், அதே ஆண்டுகள். வான் ஸ்காட், யூ ஆகியோரின் பணியையும் இனி நாம் சொல்லப்போவதையும் ஒன்றாகக் குழப்பலாகாது, இரண்டும் வேறு. எனினும் இரண்டும் அழகுப்பொருள் அலமாரியில் அருகருகே நிற்கின்றன.

பிலடெல்பியாவின் ஹோம்ஸ்பர்க் சிறை 1896இல் திறக்கப்பட்டது. 1951இல் அங்குக் கைதிகளிடையே பாதங்களில் பூஞ்சைத் தொற்று பரவ, பென்சில்வேனியா பல்கலைக்கழகத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன் அழைக்கப்பட்டார். உள்ளே சென்றவர் நோயை மட்டும் காணவில்லை. தப்பிச் செல்ல இயலாத, உணவும் உறக்கமும் ஒரே சீராக அமைந்த நூற்றுக்கணக்கான மனிதர்களைக் கண்டார். முன்னால் ஏக்கர் கணக்கில் தோல் விரிந்து கிடப்பதாகவே தமக்குத் தோன்றியது என்று பின்னர்ச் செய்தியாளரிடம் கூறினார். உழவன் விளைநிலத்தைக் கண்ட மகிழ்ச்சியோடு அதை ஒப்பிட்டார்.

1974 வரை அங்கே சோதனைகள் நடந்தன. பற்பசை, தலைக்குளியல் நீர்மம், களிம்பு முதலிய அன்றாடப் பொருள்களின் ஒட்டுச் சோதனைகள் ஒருபுறம். டௌ கெமிக்கல் நிறுவனத்துக்காக 1960களின் நடுவில் டையாக்சின் என்னும் கடுநஞ்சைக் கைதிகளின் தோலில் தடவிப் பார்த்தது மறுபுறம். படைத்துறைக்காக மனத்தைக் கலக்கும் மருந்துகளும் சோதிக்கப்பட்டன. கைதிகளுள் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். வழக்கு விசாரணையே முடியாமல், பிணைத்தொகை கட்ட வகையில்லாமல் அடைபட்டவர் பலர். சோதனைக்கு உட்பட்டால் கிடைத்த சில டாலர்கள் சிறையின் வேறெந்த வேலைக்கும் கிடைக்காதவை. கையொப்பம் வாங்கப்பட்டது, எதற்கு என்பது முறையாக விளக்கப்படவில்லை. சோதனைக்கு உள்ளாகும் மனிதரின் தன்விருப்பமான இசைவு இன்றியமையாதது என்று 1947இல் நியூரம்பர்க் நெறி கூறிவிட்டிருந்தது. நாலாண்டு இடைவெளியில் அது மறக்கப்பட்டதா, சிறைவாசிக்குப் பொருந்தாது எனக் கருதப்பட்டதா?

ஆலன் ஹார்ன்ப்ளம் என்பவர் 1971இல் எழுத்தறிவுப் பயிற்சி தரும் இளம் ஆசிரியராக அச்சிறைக்குள் சென்றார். முதுகிலும் கைகளிலும் கட்டுகளும் ஒட்டுப்பட்டைகளுமாகத் திரிந்த கைதிகளைக் கண்டு, ஏதோ கைகலப்பு நடந்திருக்கிறது என்றே முதலில் எண்ணினார். பிறகு உண்மை தெரிந்தது. கிளிக்மனின் அந்தச் சொற்களையே தலைப்பாக்கி, 'தோல் ஏக்கர்கள்' என்று பொருள்படும் நூலை அவர் 1998இல் வெளியிட்டார். கல்வி சொல்லச் சென்ற ஆசிரியர் ஒருவர் கட்டுகளைக் கண்டு கேள்வி கேட்டதனால் வெளிவந்த வரலாறு என்பதால், இதே தொழிலில் உள்ள நமக்கு இந்நூலின் பிறப்பு தனியே மனத்தில் நிற்கிறது.

கிளிக்மன் ஆற்றல் மிக்க ஆய்வாளர் என்பதை மறைப்பதும் வரலாறாகாது. தோலின் இறந்த மேலடுக்கை வெறும் குப்பையென்று கருதாமல், அது முறையாக அமைந்த காப்புறை என்று காட்டிய 1960களின் ஆய்வுகளில் அவருடையவை முதன்மையானவை. முகப்பருவுக்கு வைட்டமின் ஏ அமிலம் பயன்படும் என்று அவரும் உடனாய்வாளரும் 1969இல் வெளியிட்ட கட்டுரையின் தொடர்ச்சியாக, அம்மருந்து 'ரெட்டின்-ஏ' என்ற பெயரில் 1971இல் அமெரிக்க ஒப்புதல் பெற்றது. அதன் தொடக்கச் சோதனைகள் ஹோம்ஸ்பர்க்கின் மேனிகளில் நடந்தவை. வெயிலால் மூத்த தோலுக்கும் அது உதவும் என்று 1980களில் தெரியவந்தபின் பெருஞ்செல்வம் குவிந்தது. தம் காலத்து நெறிக்கு உட்பட்டே செய்ததாகவும், தாமறிந்தவரை எவருக்கும் நிலைத்த தீங்கு நேரவில்லை என்றும் அவர் இறுதிவரை கூறினார், 2010இல் மறைந்தார்.

முன்னாள் கைதிகள் ஏறத்தாழ முந்நூறு பேர் 2000ஆம் ஆண்டில் தொடுத்த வழக்கு, காலம் கடந்துவிட்டது என்ற காரணத்தால் தள்ளுபடியாயிற்று. பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவப் பள்ளி 2021இல் மன்னிப்புக் கோரியது. பிலடெல்பியா நகர ஆட்சி 2022இல் கோரியது. அதற்குள் பலர் இறந்துவிட்டிருந்தனர். உயிருடன் இருந்தவர் சிலரின் முதுகுகளில் சதுரங்கக் கட்டங்கள்போல் தழும்புகள் எஞ்சியிருந்தன.

பெட்டியின் மூன்றாம் வரியை இப்போது மீண்டும் படித்தோம். முதலில் முன்கையில் சிறிது தடவிப் பார்க்கவும். தோலில் சிறிதளவு பொருளை ஒட்டி ஒவ்வாமையை அறியும் முறையை யோசெஃப் யாடசோன் 1895இல் நோயாளிகளின் நன்மைக்காகவே அறிமுகம் செய்தார். அதே முறை ஹோம்ஸ்பர்க்கில் வேறொரு பொருள் கொண்டது. தன் கையில் தான் தடவிப் பார்ப்பவளுக்கு, எரிந்தால் கழுவிவிடும் உரிமை இருக்கிறது. அவ்வுரிமை இல்லாதவனின் முதுகில் தடவிப் பார்த்ததைச் சோதனை என்ற ஒரே சொல்லால் குறிப்பது மொழிக்கே இழுக்கு. ஹேட்ரியன் கதையில் தேய்க்கும் கைகள் அடிமையுடையவை. ஹோம்ஸ்பர்க்கில் தேய்க்கப்பட்ட தோலே அவ்வாறானது.

வீட்டுக்கு வந்த அமிலம்

1992க்குப் பின் அமெரிக்க உணவு, மருந்து நிருவாகத்துக்கு முறையீடுகள் வரத்தொடங்கின: எரிச்சல், வீக்கம், கொப்புளம், நிறமாற்றம். 2004 பிப்ரவரி வரை பதிவானவை 114. எண்ணிக்கை சிறிதென்று தோன்றலாம். முறையிடத் தெரிந்தவர் மட்டுமே முறையிட்டனர் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். ஒப்பனைப் பொருள்களை மதிப்பிடும் வல்லுநர் குழு 1990களின் பிற்பகுதியில் ஒரு வரம்பு சொன்னது: வீட்டில் பயன்படுத்தும் பொருளில் கிளைகாலிக், லாக்டிக் அமிலங்கள் 10 விழுக்காட்டுக்கு மிகக்கூடாது, அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 3.5க்குக் குறையக்கூடாது, வெயிலிலிருந்து காக்குமாறு அறிவுறுத்த வேண்டும். முதல் வரியின் வேர் இங்கே இருக்கிறது. செறிவும் பி.எச். அளவும் இணைந்தே வலிமையைத் தீர்மானிக்கும். வாரத்துக்கு எத்தனை இரவு என்பதும் அதைப் பொறுத்ததே.

நான்காம் வரிக்கும் தனி வரலாறு உண்டு. கிளைகாலிக் அமிலம் பூசிய தோல், பூசாத தோலைவிடப் புற ஊதாக் கதிருக்கு எளிதில் ஆட்படுகிறது என்று ஆய்வுகள் காட்டின. பூசுவதை நிறுத்தினால் ஒரு வார அளவில் பழைய நிலை திரும்பிவிடும். இதனடிப்படையில் 2005 ஜனவரியில் அந்நிருவாகம், வெயிற்புண் எச்சரிக்கையைப் பெட்டிமேல் அச்சிடுமாறு உற்பத்தியாளருக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது.

வெள்ளைத் தோல் மிகுந்த நாட்டில் எழுதப்பட்ட அவ்வரி நமக்கு இன்னும் நெருக்கமானது. நம்மைப் போன்ற மாநிறத்தாருக்கும் கருநிறத்தாருக்கும், எரிச்சலுற்ற இடம் ஆறியபின் கரும்படலமாகத் தங்கிவிடும் இயல்பு மிகுதி. வழுவழுப்பை நாடி வாங்கிய பஞ்சு, மாதக்கணக்கில் நீங்காத கறையைத் தந்துவிடக்கூடும். ஆகவே வாரத்தில் ஓரிரவில் தொடங்குவதும், புண்ணிலும் கண்ணிமையிலும் படாமல் காப்பதும், வைட்டமின் ஏ களிம்பு பூசும் இரவில் இதைத் தவிர்ப்பதும், எரிந்தால் உடனே கழுவி நிறுத்துவதும், காலையில் வெயில்காப்பு பூசுவதும் அச்சத்தால் சொல்லப்படும் சடங்குகளல்ல. ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் தோலில் கற்றுக்கொண்ட பாடம்.

சுரண்டும் வழியும் இதற்கிடையே முற்றிலும் ஓய்ந்துவிடவில்லை. பளிங்குப் பொடியின் இடத்தில் நுண்ணிய பிளாஸ்டிக் மணிகள் வந்தன. அவை கழிவுநீரில் தப்பி ஆற்றையும் கடலையும் அடைந்தமையால், கழுவிவிடும் ஒப்பனைப் பொருள்களில் அவற்றைத் தடுக்கும் சட்டம் அமெரிக்காவில் 2015 டிசம்பரில் நிறைவேறி, 2017 ஜூலையில் அவற்றைச் சேர்த்து உற்பத்தி செய்வது தடைப்பட்டது. அமிலப் பஞ்சை வாங்குவோரும் ஒன்றை நினைவில் வைக்கலாம். பஞ்சு என்று நாம் அழைத்தாலும் பல வட்டுகளில் செயற்கை இழை கலந்திருக்கிறது. ஒருமுறை துடைத்தபின் அது குப்பைக்கே போகும்.

பெட்டியை மூடுமுன்

இவ்வளவையும் அறிந்தபின் அப்பஞ்சைக் குப்பையில் எறிவதா என்று வாசகர் கேட்கலாம். அப்படிச் சொல்ல நாம் வரவில்லை. செதில் மூடிய மேனியோடு வாழ்ந்தவருக்கு அதே அமிலம் விடுதலை தந்தது. பருவால் கூனிக் குறுகும் இளையோருக்கும் இன்று உதவுகிறது. முகம் தெளிவாக இருக்க வேண்டுமென்ற ஆசையில் இழிவொன்றுமில்லை. ஆனால் வழுவழுப்பான எதற்கும் தன் பின்கதையை மறைத்துக்கொள்ளும் இயல்பு உண்டு. தழும்பு தன் கதையைத் தானே சொல்லிவிடும். மென்மையின் கதையை நாம்தான் கேட்டறிய வேண்டும்.

விடுமுறை முடிந்து ஊருக்குக் கிளம்பிய நாளில் அண்ணன் மகள் பெட்டியைக் கேட்டாள். கொடுக்குமுன் ஹோம்ஸ்பர்க் கதையைச் சொன்னோம். நெடுநேரம் பேசாதிருந்தாள். பிறகு, "அவங்களுக்கு யாரும் பணம் குடுக்கலையா அத்தை, இப்பவாவது?" என்று கேட்டாள். மன்னிப்புக் கேட்டார்கள் என்று மட்டும் சொன்னோம். அவள் பெட்டியைப் புரட்டி, அடிப்புறத்துப் பொடி எழுத்துகளை முதலிலிருந்து ஒருமுறை படித்தாள். பிறகு பையில் வைத்துக்கொண்டாள்.